சிறு டிராக்டரும் அதன் விற்பனையாளரும்: வாங்குமுன் அளந்தறிய வேண்டியவை

இந்தியாவில் ஒரு விவசாயக் குடும்பம் விலை கொடுத்து வாங்கும் பொருள்களுள், நிலத்துக்கும் வீட்டுக்கும் அடுத்தபடியாகப் பெருந்தொகையை வேண்டி நிற்பது டிராக்டரேயாகும். பெரும்பாலும் அது கடன் பெற்றே வாங்கப்படுகிறது. அக்கடனுக்கு நிலத்தையே ஈடாக வைப்பதும் உண்டு. 2015-16ஆம் ஆண்டின் வேளாண்மைக் கணக்கெடுப்பின்படி நாட்டின் சராசரி நிலவுடைமை 1.08 ஹெக்டேர் ஆகும். இத்தகைய சிறு நிலத்தின் வருவாயிலிருந்து தவணை செலுத்த வேண்டிய ஒருவர் பொருத்தமற்ற இயந்திரத்தை வாங்கிவிட்டால், அத்தவறு பல ஆண்டுகள் அவரைத் தொடர்ந்து வரும்.

ஏறத்தாழ 30 குதிரைத் திறனுக்கு உட்பட்ட டிராக்டர்களை மக்கள் 'மினி டிராக்டர்' என வழங்குகின்றனர். பழத்தோட்டங்களில் மர வரிசைகளுக்கு இடையே உழுதல், காய்கறி நிலத்தைப் பண்படுத்துதல், மருந்து தெளித்தல், புல் வெட்டுதல், எருவும் விளைபொருளும் ஏற்றிச் செல்லுதல் ஆகிய வேலைகளுக்கு இவை ஏற்றவை. பள்ளிகளையும் பயிற்சி நிலையங்களையும் சார்ந்த பண்ணைகளிலும் இவை பயன்படுகின்றன. எந்த டிராக்டரை வாங்குவது என்று ஆலோசனை கேட்டு மக்கள் முதலில் நாடுவது கிராமப்புற ஊழியரையும் ஆசிரியரையுமே. அவர்கள் கூறும் விடை செவிவழிச் செய்தியாக இல்லாமல், அளவையும் கணக்கையும் அடிப்படையாகக் கொண்டிருத்தல் வேண்டும்.

டிராக்டர் வாங்குபவர் உண்மையில் இரண்டு பொருள்களை வாங்குகிறார். ஒன்று, கண்ணுக்குத் தெரியும் இயந்திரம். மற்றொன்று, அவ்வியந்திரம் பழுதுற்ற நாளில் உதிரிப் பாகமும் தொழிலாளியும் வந்து சேரும் என்ற உறுதி. இவ்விரண்டையும் பணம் கொடுப்பதற்கு முன்பே சோதித்தறிய வேண்டும்.

நெப்ராஸ்கா சட்டம்

இவ்வுண்மையைச் சட்டமாகவே இயற்றிய ஒரு வரலாறு உண்டு. அமெரிக்க ஐக்கிய நாட்டில் நெப்ராஸ்கா மாநிலத்தைச் சேர்ந்த வில்மாட் குரோசியர் என்னும் விவசாயி, விளம்பரத்தை நம்பித் தாம் வாங்கிய டிராக்டர் சொன்ன வேலையைச் செய்யாமையால் நட்டமடைந்தார். பின்னர் அவர் மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவருடைய முயற்சியால் 1919ஆம் ஆண்டில் டிராக்டர் சோதனைச் சட்டம் நிறைவேறியது. மாநிலத்தில் விற்கப்படும் ஒவ்வொரு வகை டிராக்டரும் பல்கலைக்கழகத்தில் சோதிக்கப்பட்டு, உற்பத்தியாளர் கூறும் திறன் மெய்யா என ஒப்பிடப்பட வேண்டும் என்பது அதன் முதற் பகுதி. விற்பவர் உதிரிப் பாகங்களைப் போதிய அளவில் மாநிலத்துக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும் என்பது இரண்டாம் பகுதி. 1920இல் சோதனைகள் தொடங்கின. நல்ல இயந்திரமும் நல்ல பராமரிப்பு வசதியும் ஒன்றையொன்று பிரியாதவை என்பதை அச்சட்டம் உணர்ந்திருந்தது.

இந்தியாவில் சோதனைப் பணியை மத்திய அரசின் நிலையங்கள் மேற்கொள்கின்றன. மத்தியப் பிரதேசத்தில் நர்மதை நதிக்கு அண்மையிலுள்ள புத்னியில் 1955இல் தோன்றிய நிலையமே இவற்றுள் மூத்தது. ஹரியானாவில் ஹிசார், ஆந்திரப் பிரதேசத்தில் கார்லதின்னே, அஸ்ஸாமில் பிஸ்வநாத் சாரியாலி ஆகிய இடங்களிலும் பண்ணை இயந்திரப் பயிற்சி மற்றும் சோதனை நிலையங்கள் அமைந்துள்ளன. இயந்திரத்தைப் பற்றிய வினாவுக்கு இந்நிலையங்களின் அறிக்கைகளில் விடை கிடைக்கும். விற்பனையாளரைப் பற்றிய வினாவுக்கோ, வாங்குபவர் தாமே விசாரித்து விடை காண வேண்டியுள்ளது.

வேலைகளின் பட்டியல்

கடைக்குச் செல்லுமுன் செய்ய வேண்டிய முதற் காரியம், ஓராண்டில் டிராக்டர் செய்யவிருக்கும் வேலைகளை ஒரு தாளில் எழுதுவதாகும். ஒவ்வொரு வேலைக்கும் எதிரே பரப்பு, ஆண்டில் எத்தனை முறை, எந்த மாதம் என்பவற்றைக் குறித்தல் வேண்டும். அதன்பின் எத்தனை மணி நேரம் தேவை எனக் கணக்கிடலாம். கருவியின் அகலத்தை மீட்டரிலும் வேகத்தை மணிக்குக் கிலோமீட்டரிலும் கொண்டு, இரண்டையும் பெருக்கிப் பத்தால் வகுத்தால், ஒரு மணியில் உழக்கூடிய பரப்பு ஹெக்டேரில் கிடைக்கும். திருப்பங்களிலும் தடைகளிலும் கழியும் நேரத்துக்காக அதில் நாலில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

ஒரு மீட்டர் அகலமுள்ள ரோட்டவேட்டர் மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் கணக்கு 0.3 ஹெக்டேர், கழிவு போக 0.225 ஹெக்டேர். ஆகவே ஒரு ஏக்கருக்கு ஏறத்தாழ 1 மணி 50 நிமிடமும், 2 ஹெக்டேருக்கு ஒன்பது மணியும் தேவைப்படும். ஆண்டுக்கு ஆறு முறை ஓட்டினாலும் மொத்தம் 54 மணியே ஆகிறது. இந்த எண் வாங்குபவரைச் சற்று நின்று சிந்திக்கச் செய்ய வேண்டும்.

மாதிரிக்காக ஐந்து லட்சம் ரூபாய் விலையுள்ள ஒரு டிராக்டரைக் கொள்வோம். பத்து ஆண்டுகளில் பத்தில் ஒரு பங்கு மதிப்பே எஞ்சும் என வைத்துக்கொண்டால், ஆண்டுத் தேய்மானம் 45,000 ரூபாய். சராசரி மதிப்பான 2,75,000 ரூபாய்க்கு 9 சதவீத வட்டி ஏறத்தாழ 25,000 ரூபாய். காப்பீடு, கொட்டகை முதலியவற்றுக்குப் பத்தாயிரம் எனக் கொள்ளலாம். ஆக, சாவியைத் தொடாவிட்டாலும் ஆண்டுக்கு 80,000 ரூபாய் செலவாகிவிடுகிறது. ஆண்டில் 800 மணி ஓடினால் இச்செலவு மணிக்கு 100 ரூபாய். 200 மணியே ஓடினால் 400 ரூபாய். எரிபொருளும் ஓட்டுநர் கூலியும் இதற்கு மேற்பட்டவை. பக்கத்து நிலங்களுக்கு வாடகைக்கு ஓட்டியோ சுமை ஏற்றியோ மணிக்கணக்கை உயர்த்த வழியில்லையெனில், வாடகை மையத்திலிருந்து டிராக்டரைத் தருவித்துக்கொள்வதே பலருக்கு இலாபகரமானது. இதை எடுத்துச் சொல்லவும் ஊழியர் தயங்கலாகாது.

குதிரைத் திறனும் இழுவையும்

வாங்குவோர் முதலில் கேட்பது குதிரைத் திறனையே. ஆனால் முகப்பில் எழுதியிருக்கும் எண், என்ஜினின் திறனைக் குறிப்பது. பி.டி.ஓ. எனப்படும் பின்புறச் சுழல்தண்டை வந்தடையும்போது அதில் ஒரு பகுதி குறைகிறது. கலப்பையை இழுக்கும் கொக்கியை அடையும்போது, மண்ணின் தன்மைக்கேற்ப ஏறத்தாழப் பாதியே எஞ்சுகிறது. ரோட்டவேட்டர், மருந்து தெளிப்பான், புல்வெட்டி முதலியவை சுழல்தண்டின் திறனைக் கொண்டு இயங்குவன. ஆகையால் இத்தகைய வேலை மிகுந்தவர் பி.டி.ஓ. திறனையே கேட்டறிய வேண்டும்.

கலப்பை இழுத்தலோ வேறுவகை. அங்கே திறனைக் காட்டிலும் எடையே முந்தி நிற்கிறது. இதனை ஒரு கணக்கால் விளக்கலாம். மண்ணைப் புரட்டும் இரும்புக் கலப்பை ஒன்று 25 சென்டிமீட்டர் அகலமும் 15 சென்டிமீட்டர் ஆழமும் உழுவதாகக் கொண்டால், வெட்டப்படும் மண்ணின் குறுக்குப் பரப்பு 375 சதுர சென்டிமீட்டர். நடுத்தர மண்ணின் தடை சதுர சென்டிமீட்டருக்கு அரைக் கிலோ எனில், ஒரு கலப்பைக்கு 188 கிலோ இழுவை வேண்டும். இரு கலப்பைகளுக்கு 375 கிலோ. மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் இவ்விரண்டையும் இழுக்கக் கொக்கியில் 5.6 குதிரைத் திறன் போதுமானது. 24 குதிரைத் திறன் என்ஜினுக்கு இது எளிய வேலை என்றே தோன்றும்.

எனினும், 800 கிலோ எடையுள்ள ஒரு சிறு டிராக்டரில் பின்சக்கரங்களின் மீது அமைவது சுமார் 480 கிலோ. உழுத மண்ணில் சக்கரம் தன்மீதுள்ள எடையில் பாதிக்கும் சற்றுக் குறைவாகவே இழுவையாக மாற்ற வல்லது. 45 சதவீதம் எனக் கொண்டால் 216 கிலோ மட்டுமே கிடைக்கும். இழுக்கும்போது முன்புற எடையில் சிறிது பின்னுக்கு மாறும் என்றாலும், முடிவு பெரிதும் வேறுபடாது. ஆகவே ஒரு கலப்பையை இந்த டிராக்டர் இழுத்துச் செல்லும். இரண்டைப் பூட்டினால் என்ஜின் திணறாமலேயே சக்கரம் சறுக்கும். கனத்த கரிசல் மண்ணில் தடை 0.8 கிலோவாக உயரும்போது ஒரு கலப்பைக்கே 300 கிலோ தேவைப்பட, அதற்கும் இயலாமற் போகும். நான்கு சக்கரங்களும் இயங்கும் வகையாயின், முழு எடையும் பயன்பட்டு 360 கிலோ கிடைக்கும். கரிசல் நிலத்திலும், சேற்றிலும், மலைச்சரிவிலும் நான்கு சக்கர இயக்கத்துக்குக் கூடுதல் விலை கொடுப்பதன் நியாயம் இதுவே. மணற்பாங்கான சமநிலத்தில் ரோட்டவேட்டரை மட்டும் ஓட்டுபவருக்கு அச்செலவு தேவைப்படாது.

சறுக்கலை நிலத்திலேயே அளக்கலாம். பின் டயரில் சுண்ணாம்பால் ஒரு கோடிட்டு, சுமையின்றிப் பத்துச் சுற்றுச் சுற்றியதும் சென்ற தூரத்தை நாடாவால் அளக்க வேண்டும். பின்னர்க் கலப்பையை இறக்கி அவ்வாறே அளக்க வேண்டும். முதல் தூரம் 30 மீட்டர், இரண்டாவது 25.5 மீட்டர் எனில் சறுக்கல் 15 சதவீதம். இதற்கு மேற்பட்ட சறுக்கலில் டீசலும் டயரும் வீணாகின்றன, மண்ணும் கெடுகிறது. உயர்நிலைப் பள்ளி மாணவர் செய்து பார்ப்பதற்கும் இது நல்ல பரிசோதனை.

இடத்துக்கேற்ற அளவுகள்

பழத்தோட்டத்துக்கு வாங்குவோர் வரிசை இடைவெளி, தாழ்ந்த கிளைகளின் உயரம், வரிசை முடிவில் திரும்புவதற்குள்ள இடம் ஆகிய மூன்றையும் அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். மகாராஷ்டிரத்தின் திராட்சைத் தோட்டங்களில் குறுகிய டிராக்டர்கள் பரவியதற்குக் காரணம், பந்தல்களுக்கிடையே பெரிய டிராக்டர் புகாமையே. டிராக்டரின் அகலத்தை மட்டும் பார்த்தல் போதாது. அதனோடு பூட்டப்படும் கருவியின் அகலமே பல இடங்களில் கொடியையும் கிளையையும் சேதப்படுத்துகிறது. ஊடுபயிர் வேலைக்குச் சக்கர இடைவெளியை மாற்றியமைக்க இயலுமா என்பதையும், பயிர் மீது உராயாதபடி அடிப்பகுதி போதிய உயரத்தில் உள்ளதா என்பதையும் காண வேண்டும்.

ஹைட்ராலிக் தூக்குந்திறனைக் குறித்து ஒரு மயக்கம் உண்டு. கீழ்க் கைகளின் முனையில் தூக்கக்கூடிய எடை ஒன்று. முனையிலிருந்து 610 மில்லிமீட்டர் பின்னால் தூக்கக்கூடிய எடை வேறொன்று. இரண்டாவது குறைந்தது. கருவியின் பாரம் பின்தள்ளியே அமைவதால் உழைப்புக்கு உதவுவது அதுவே. இரு டிராக்டர்களை ஒப்பிடும்போது ஒரே இடத்தில் அளந்த எண்களையே ஒப்பிட வேண்டும். மேலும், பி.டி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்றுச் சுற்றுவது பெரும்பாலான கருவிகளுக்குப் பொதுவான அளவாகும். என்ஜின் எந்த வேகத்தில் ஓடும்போது இந்த 540 கிடைக்கிறது என்று அறிந்தால், எரிபொருட் செலவையும் ஓரளவு மதிப்பிடலாம்.

அறிக்கையைப் படித்தலும் ஓட்டிப் பார்த்தலும்

சோதனை நிலையத்தின் அறிக்கை பல பக்கங்கள் கொண்டது. பி.டி.ஓ.வில் கிடைத்த உச்சத் திறன், ஒரு மணியில் செலவான எரிபொருள், கொக்கியில் கிடைத்த இழுவை, தூக்குந்திறன், பிரேக்கின் வலிமை, திரும்பும் வட்டம், ஓட்டுநரின் காதருகே இரைச்சல் ஆகியவை அதில் இடம்பெறும். நெல் விளையும் பகுதியினர் சேற்றுழவுச் சோதனையின் முடிவைத் தவறாது படித்தல் வேண்டும். சேற்று நீர் உள்ளே புகாதவாறு அடைப்பான்கள் காத்தனவா என்பது அதனால் விளங்கும். இறுதியில் வரும் குறைபாடுகளும் பரிந்துரைகளும் மிக முக்கியமானவை. அறிக்கையின் பிரதியைக் காட்டும்படி விற்பனையாளரிடமே கேட்கலாம். அதிலுள்ள மாதிரியின் பெயரும், விற்கப்படும் மாதிரியின் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக உள்ளனவா எனச் சரிபார்த்தல் வேண்டும்.

அறிக்கைக்குப் பின்னர், வாங்குபவரின் சொந்த நிலத்திலேயே, அவர் உபயோகிக்கப் போகும் கருவியைப் பூட்டி ஓட்டிப் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் டீசல் தொட்டியை விளிம்புவரை நிரப்பி, ஒரு மணி வேலை செய்தபின் அளவுப் பாத்திரத்தால் மீண்டும் விளிம்புவரை நிரப்பினால், செலவான டீசலின் அளவு தெரியும். நாள்தோறும் ஓட்டப் போகிறவரே இருக்கையில் அமர வேண்டும். அவர் கால் கிளட்சை முழுதும் அழுத்துகிறதா, கை நெம்புகோல்களை எட்டுகிறதா என்பன அவருடைய உடல் அளவைப் பொறுத்தவை.

உயிர்ப் பாதுகாப்பு

டிராக்டர் கவிழ்தல் உலகெங்கும் உயிர்ச்சேதம் விளைவிக்கும் விபத்தாகும். ஸ்வீடன் 1959ஆம் ஆண்டிலேயே புதிய டிராக்டர்கள் அனைத்திலும் கவிழ்தற் காப்புச் சட்டத்தைக் கட்டாயமாக்கியது. அங்கு இவ்வகை மரணங்கள் பெரிதும் குறைந்தன. சிறு டிராக்டர் குறுகிய சக்கர இடைவெளி உடையதாகையால் வரப்பிலும் சரிவிலும் எளிதில் சாயும். எனவே காப்புச் சட்டமும் இருக்கைப் பட்டையும் கொண்ட மாதிரியையே விரும்ப வேண்டும். சட்டம் உள்ளபோது பட்டை அணிதல் இன்றியமையாதது. அணியாதவர் தூக்கியெறியப்பட்டு அச்சட்டத்தின் அடியிலேயே சிக்கக்கூடும். கிளைகள் தாழ்ந்த தோட்டத்துக்கு மடக்கக்கூடிய சட்டம் பொருந்தும்.

சுமையைக் கொக்கியைவிட உயரமான இடத்தில் கட்டி இழுத்தால் டிராக்டர் முன்புறம் எழும்பிப் பின்னே மல்லாந்துவிடும். சுழல்தண்டின் மீதுள்ள மூடியைக் கழற்றிவிட்டு வேலை செய்தால், வேட்டியின் நுனியோ சேலைத் தலைப்போ சிக்கிய கணத்தில் உயிருக்கே ஆபத்து நேரும். மட்கார்டின் மீது பிள்ளைகளை ஏற்றிச் செல்வது பெருந்தவறு. இம்மூன்றையும் வகுப்பறையில் ஆசிரியர் கூறினால், அச்செய்தி அன்றே வீடுகளைச் சென்றடையும்.

விற்பனையாளரைச் சோதித்தல்

மானாவாரி நிலத்தில் மழை பெய்து ஈரம் நிற்பது சில நாட்களே. அந்நாட்களில் ஓர் எண்ணெய் அடைப்பான் கிழிந்து டிராக்டர் நின்றுவிட்டால், சிறு தொகை பெறும் அப்பாகத்தின் பொருட்டு ஒரு பருவத்தின் விதைப்பே தவறிவிடலாம். இயந்திரம் எவ்வளவு சிறந்ததாயினும், பாகம் கிடைக்காத இடத்தில் அது இரும்புக் குவியலே. ஆகவே விற்பனையாளரைப் பின்வருமாறு சோதித்தல் நன்று.

முதலாவது, பாகங்களின் பட்டியல். டீசல் வடிகட்டி, எண்ணெய் வடிகட்டி, காற்று வடிகட்டி, விசிறிப் பட்டை, கிளட்ச் தட்டு, எண்ணெய் அடைப்பான்கள், ரேடியேட்டர் குழாய், நாசில், ஹைட்ராலிக் பம்பின் அடைப்பான் தொகுதி, முன்சக்கர பேரிங் ஆகிய பத்தையும் எழுதிச் சென்று, முன்னறிவிப்பின்றி ஒரு நாள் கேட்க வேண்டும். எத்தனை பாகங்கள் அலமாரியிலேயே உள்ளன, மற்றவை எத்தனை நாளில் வரும் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, பழைய வாடிக்கையாளர்களின் சாட்சியம். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன் அதே மாதிரியை வாங்கிய மூவரைத் தனித்தனியே சந்தித்தல் நல்லது. “டிராக்டர் நன்றாக உள்ளதா?” என்று கேட்டால், வாங்கியவர் தம் தேர்வை விட்டுக்கொடுக்க மாட்டார். “அதிகமாக எத்தனை நாள் வேலையின்றி நின்றது? எதனால்?” என்று கேட்டால் உண்மை வெளிப்படும்.

மூன்றாவது, பட்டறை. பயிற்சி பெற்ற தொழிலாளர் எத்தனை பேர், விதைப்புக் காலத்தில் நிலத்துக்கே வந்து பழுது பார்ப்பார்களா, அதற்கு என்ன கட்டணம் என்பவற்றைக் கேட்டறிய வேண்டும். நிலத்திலிருந்து பட்டறைக்குள்ள தூரமும் விலையின் ஒரு பகுதியே.

நான்காவது, உத்தரவாதம். அது ஆண்டுக் கணக்கிலும் மணிக் கணக்கிலும் கூறப்படும். இரண்டில் எது முந்தியதோ அதனோடு முடிவுறும். டயர், பாட்டரி முதலியவற்றுக்கு அவற்றின் உற்பத்தியாளரே பொறுப்பாவது வழக்கம். முதற் பராமரிப்பு பெரும்பாலும் 50 மணியளவில் வரும். அதைத் தவறவிட்டால் பின்னர் உரிமை கோருவது கடினமாகும். வாய்மொழியாகக் கூறப்படும் சலுகை எதுவாயினும் விலைப் பட்டியலில் எழுத்து வடிவம் பெற வேண்டும்.

விலையும் ஆவணங்களும்

இரண்டு மூன்று விற்பனையாளரிடம் எழுத்து மூலமான விலைப் பட்டியல் பெற வேண்டும். அதில் டிராக்டர், கருவிகள், வரி, பதிவு, காப்பீடு ஆகியவை தனித்தனியே காட்டப்பட வேண்டும். டிராக்டருக்கான சரக்கு மற்றும் சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. பட்டியலில் வரி விகிதத்தைச் சரிபார்த்தல் எளிது. மானியம் நாடுவோர், தாம் விரும்பும் மாதிரி மாநில வேளாண்மைத் துறையின் அங்கீகாரப் பட்டியலில் உள்ளதா என முன்னரே விசாரிக்க வேண்டும். எனினும் மானியம் கிடைக்கிறது என்பதற்காகவே நிலத்துக்கு ஒவ்வாத மாதிரியை ஏற்பது நட்டத்திலேயே முடியும்.

டிராக்டரைப் பெறும் நாளில் சேசிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் ஆவணங்களோடு ஒத்துள்ளனவா எனப் பார்க்க வேண்டும். எண்ணெய் மட்டம், தண்ணீர், டயர்க் காற்று, சக்கரங்களின் நட்டுகள் ஆகியவற்றை விற்பனையாளரின் ஆள் முன்னிலையில் சரிபார்த்துக் கையொப்பம் பெற வேண்டும். மோட்டார் வாகனச் சட்டப்படி டிராக்டருக்குப் பதிவும் மூன்றாம் தரப்பினர் காப்பீடும் கட்டாயமானவை. பழுது பார்த்த ஒவ்வொரு நாளும் தேதி, மணிக்காட்டியின் எண், மாற்றிய பாகம் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதி வருதல் வேண்டும். பூசல் நேர்ந்தால் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். அப்போது அக்குறிப்பேடே அவருக்கு வலுவான சான்றாகும்.

கிராம ஊழியர் தம் பகுதியிலுள்ள சிறு டிராக்டர்களின் விவரங்களை ஓர் ஏட்டில் தொகுத்து வைப்பது பயனுள்ள பணியாகும். மாதிரி, மண் வகை, ஆண்டுக்கு ஓடிய மணி, வேலையின்றி நின்ற நாட்கள், உதிரிப் பாகம் வந்துசேர எடுத்த காலம் ஆகியவற்றை அதில் பதிவு செய்தால், சில ஆண்டுகளில் அது அவ்வட்டாரத்தின் சொந்தச் சோதனை அறிக்கையாக அமைந்துவிடும். சோதனை நிலையங்களின் அறிக்கைகளில் காணக் கிடையாத விற்பனையாளரின் தரம், அதில் எண்களாகவே தெரியவரும். அடுத்து டிராக்டர் வாங்க வருகிறவர், நிலத்தை ஈடு வைக்குமுன் அந்த ஏட்டை ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம்.